காய் வடித்த தண்ணீர்

சாக்ஸ் பதிந்த தடம் மறுநாள் காலையிலும் கணுக்காலில் அப்படியே இருந்தது. எனக்கு வந்த முதல் அறிகுறி அதுதான். வலி இல்லை. நாள் முழுக்க உட்கார்ந்தபடி மென்பொருளைச் சோதிப்பவளுக்குக் கால் வீங்குவது சகஜம் என்று விட்டுவிட்டேன். பரிசோதனைக்குப் போனபோது இரண்டு சிறுநீரகங்களும் பெரும்பாலும் செயலிழந்திருந்தன. அன்றிலிருந்து மதுரையில் வாரம் மூன்று முறை டயாலிசிஸ் (சிறுநீரகம் செய்யவேண்டிய ரத்தச் சுத்திகரிப்பை இயந்திரம் செய்வது).

இதைப் படிக்கும் சக சிறுநீரக நோயாளிகள் பலருக்கு அந்தப் படுக்கை தெரிந்திருக்கும். வார இறுதிதான் நமக்கு நீளமான இடைவெளி. உடம்பில் கழிவு அதிகம் சேர்வதும் அப்போதுதான்.

அப்படி ஒரு வார இறுதியில் ராஜபாளையத்துக்குக் கார் ஓட்டிப் போனேன். கல்லூரி விடுதியில் என் அறைத்தோழியாக இருந்த ஜெபா அங்கே இருக்கிறாள். இன்னொரு அறைத்தோழி உமா, பக்கத்து ஊரான ஸ்ரீவில்லிபுத்தூரில். நோய் வந்தபின் நான் யார் வீட்டிலும் கை நனைத்ததில்லை. இவர்கள் வீட்டிலாவது பழையபடி உட்கார்ந்து சாப்பிட முடியுமா என்று எனக்குத் தெரிந்தாக வேண்டும். மருத்துவர் அனுமதித்தார்.

ஜெபாவுக்கு முன்பே செய்தி அனுப்பினேன். உப்பு பாதி. தக்காளி, இளநீர், வாழைப்பழம் கூடாது. தண்ணீர் அளந்துதான். காயை நறுக்கி, நிறையத் தண்ணீரில் வேகவைத்து வடித்துவிட வேண்டும்.

"ஏட்டி, நீ சாப்பிட வாரியா, பரீட்சை வைக்க வாரியா?" என்று போனில் சிரித்தாள்.

பரீட்சையில் அவள் தேறினாள் என்றுதான் நினைத்தேன். கேரட், பீட்ரூட், உருளைக்கிழங்கு எல்லாவற்றையும் சக்கையாக வேகவைத்திருந்தாள். தக்காளி போடாத மிளகு ரசம் தனியாக. சனி இரவும் ஞாயிறு மதியமும் அந்த ரசத்தில் சோற்றைப் பிசைந்து சாப்பிட்டேன். ரசத்தையும் தண்ணீர்க் கணக்கில் சேர்த்துக்கொண்டேன். நாக்குக்கு உறைப்பு தெரிந்தது. பல மாதங்களுக்குப் பிறகு ஒருத்தி எனக்கு இரண்டாம் முறை சோறு வைத்தாள். நான் வேண்டாம் என்று சொல்லவில்லை.

ஞாயிறு மாலை ஜெபாவையும் கூட்டிக்கொண்டு ஸ்ரீவில்லிபுத்தூர் மடவார் வளாகத்தில் உமா வீட்டுக்குப் போனேன். தரையில் உட்கார்ந்து பேசினோம்.

"கோயில் நடை தொறந்திருப்பாவ. எந்திரி, போவோம்" என்றாள் உமா.

கையை ஊன்றினேன். தொடைகள் எழவில்லை.

"ஜெபா வீட்டுச் சோறு அம்புட்டு கனமாக்கும்?" என்று உமா சிரித்தாள். மறுபடி முயன்றேன். உதடு மரத்துப்போனது. நெஞ்சு ஒரு முறை துடித்துவிட்டு அடுத்ததற்கு யோசிப்பது போலிருந்தது. அப்புறம் யாரும் சிரிக்கவில்லை.

பக்கத்து மருத்துவமனையில் இ.சி.ஜி (இதயத்துடிப்பின் வரைபடம்) எடுத்தார்கள். பணியிலிருந்த பெண் மருத்துவர் அதைப் பார்த்ததும் முதலில் ஊசி போட்டுவிட்டுத்தான் பேசினார்.

"நேத்துலருந்து என்னென்ன சாப்பிட்டீங்க?"

வரிசையாகச் சொன்னேன்.

"ரசத்துக்கு என்ன தண்ணி?"

எனக்குத் தெரியவில்லை. வாசலில் நின்ற ஜெபா சொன்னாள்: "காய் வடிச்ச தண்ணிதான் டாக்டர். சத்து அம்புட்டும் அதுலதான இருக்கு? மேலுக்கு முடியாதவளுக்குச் சமைக்கேன், அதக் கீழ ஊத்த மனசு வரல."

மருத்துவர் திட்டவில்லை. "அந்தச் சத்துதாம்மா இவங்களுக்கு ஆகாது" என்றார். பொட்டாசியம் (காய்கறியில் உள்ள தாது; ரத்தத்தில் மிகுந்தால் இதயத்தை நிறுத்திவிடும்) வேகவைத்த தண்ணீரில் இறங்கிவிடும். நீளமான இடைவெளியும் சேர்ந்துகொண்டது.

உங்களுக்குச் சமைப்பவரிடம் அந்தத் தண்ணீரைக் கொட்டச் சொல்லுங்கள். ஏன் என்றும் சொல்லுங்கள். நம் வீடுகளில் காரணம் தெரியாமல் யாரும் அதைக் கொட்ட மாட்டார்கள்.

உடனே டயாலிசிஸ் தொடங்கினார்கள். குழாயில் என் ரத்தம் போய்த் திரும்புவதை ஜெபா கண்ணாடி வழியே பார்த்துக்கொண்டிருந்தாள். உள்ளே விட்டபோது, "என் கையாலயே குடுத்துட்டேனே" என்றாள்.

"விடுட்டி" என்றேன்.

பிழைத்துவிட்டேன். ஆனால் உடம்பு இப்போது வேறாகத் தெரிகிறது. விழுங்கும் ஒவ்வொரு கவளமும் அடுத்த டயாலிசிஸுக்கு ஊசி குத்தும்வரை எனக்குள்ளேயே இருக்கிறது என்பது சாப்பிடும்போதே தெரிகிறது. கிழமைகளின் பெயர்கள் மறந்துபோகின்றன. குறுகிய இடைவெளி, குறுகிய இடைவெளி, நீளமானது. என் வாரம் அவ்வளவுதான்.

பின்னொரு நாள், குறுகிய இடைவெளி ஒன்றில் மறுபடி ராஜபாளையம் போனேன். ஜெபா கையைப் பிடித்துக்கொண்டு வேலையைப் பற்றிக் கேட்டாள், அம்மாவைப் பற்றிக் கேட்டாள். நான் வருவதற்குள் எல்லோரையும் சாப்பிட வைத்துப் பாத்திரங்களைக் கழுவிக் கவிழ்த்திருந்தாள். மதியம் கடந்தது. என்னைச் சாப்பிடச் சொல்லவில்லை. கிளம்பும்போது, "பாத்துப் போ" என்று வாசல்வரை வந்தாள்.

ஊரைத் தாண்டி, ஒரு மில் வாசல் அருகே காரை ஓரங்கட்டினேன். ஷிப்ட் விட்ட பெண்கள் தூக்குச்சட்டியோடு பேசிக்கொண்டே போனார்கள். கண்ணாடியை ஏற்றிவிட்டு, மதுரையிலிருந்து கட்டிக்கொண்டு போன சோற்றைப் பிரித்துச் சாப்பிட்டேன்.