கொலுவில் வைத்த கல்யாணப் படம்

2006 நவராத்திரி சமயம். அப்போது நாங்கள் அஸ்தினாபுரத்தில் ஒரு அடுக்குமாடிக் குடியிருப்பில் இருந்தோம். அந்த வருடம் அசோசியேஷனில் கொலுப் போட்டி வைத்தார்கள். போட்டி என்றால் எனக்குச் சோறு தண்ணீர் வேண்டாம். போன வருடம் மேல் வீட்டுக்காரி பரிசைத் தட்டிக்கொண்டு போன எரிச்சல் வேறு. எல்லோரும் பார்க், கல்யாண செட் என்று வைக்கட்டும், நான் 'நம்ம ஏரியா மியூசியம்' வைக்கிறேன் என்று கிளம்பிவிட்டேன்.

மூன்று வாரம் அலைச்சல். கோவளத்தில் மீன் விற்கும் அக்கா ஒருவர் கிழிந்த வலைத் துண்டைச் சும்மாவே கொடுத்தார். திருமுடிவாக்கத்தில் ஒரு பட்டறையில் லேத் மெஷினில் சீவி விழுந்த இரும்புச் சுருள்களைப் பை நிறைய அள்ளிவந்தேன். குன்றத்தூர் மலையடிவாரத்தில் ஒரு சின்ன வேல் வாங்கினேன். போன இடத்தில் எல்லாம் பஜ்ஜியும் டீயும் வேறு. "கொலு வைக்கறியா, டூர் போறியா?" என்று என் வீட்டுக்காரர் கேலி செய்தார்.

கடைசியாகப் பல்லாவரம் வெள்ளிக்கிழமைச் சந்தை. பழைய ரேடியோக்களுக்கும் புறாக் கூண்டுகளுக்கும் நடுவே ஒரு கறுப்பு வெள்ளைப் படம் கிடந்தது. நீள வெள்ளை கவுனும் முக்காடும் போட்ட மணப்பெண், பக்கத்தில் கோட்டு சூட்டு மாப்பிள்ளை.

"இன்னாக்கா பாத்துகினே கீறே? ஃப்ரேமு தேக்கு. படத்தக் கெடாசிட்டு சாமி படம் மாட்டிக்கோ" என்றார் கடைக்காரர்.

எனக்குத் தேவை படம்தான். வீட்டுக்கு வந்து கண்ணாடியைத் துடைத்தேன். சந்தனம், குங்குமம் வைத்து, சம்பங்கி மாலையும் போட்டேன். பழைய படம் என்றால் போய்ச் சேர்ந்தவர்கள் என்று கையே முடிவு செய்துவிட்டது. 'பல்லாவரத்தில் வாழ்ந்து மறைந்த வெள்ளைக்காரத் தம்பதி' என்று ஒரு அட்டையும் எழுதி வைத்தேன். யார் சொன்னார்கள் என்று கேட்காதீர்கள். நானே சொல்லிக்கொண்டதுதான்.

இரண்டாம் நாள், கீழ் வீட்டு டீச்சர் அந்தப் படத்தின் முன்னால் ரொம்ப நேரம் நின்றார். "இந்த முகத்தை எங்கேயோ பார்த்திருக்கேனே" என்று முனகிக்கொண்டே போனார். மறுநாள் மாலை, தன்னோடு முன்பு வேலை பார்த்த ஓய்வு பெற்ற டீச்சரை அழைத்துவந்தார். எழுபது வயதிருக்கும். வெட்டிய நரைமுடி, பூப்போட்ட ஃப்ராக்.

நான் வழக்கம்போல் கையில் சுண்டலைக் கொடுத்துவிட்டு ஆரம்பித்தேன். "இவர் பெரிய துரை ஆன்ட்டி. ரெண்டு பேரும் லண்டன் போயி, அங்கேயே காலமாயிட்டாங்க."

அவர் சுண்டலை ஓரமாக வைத்துவிட்டு, படத்தின் அருகே போய்க் கண்ணாடியைத் தொட்டார். பிறகு என் பக்கம் திரும்பினார்.

"அவருக்கு மாலை சரிதான்மா. எனக்குத்தான் கொஞ்சம் சீக்கிரம்."

எனக்குப் புரியவே கொஞ்ச நேரம் ஆயிற்று. புரிந்ததும், கொலுப்படிக்கு அடியில் புகுந்துகொள்ளலாமா என்றிருந்தது.

அவர் ஆங்கிலோ இந்தியர். பிறந்ததும் வளர்ந்ததும் பல்லாவரம்தான், லண்டனைக் கண்ணால் கூடப் பார்த்ததில்லை. மூன்று வருடத்துக்கு முன், வீட்டுக்கு வெள்ளையடித்தபோது இந்தப் படத்தைக் கழற்றிப் போட்டு வெளியே வைத்த டிரங்குப் பெட்டி பழைய சாமான்காரரிடம் போய்விட்டதாம். அவர்களுடைய கல்யாணப் படம் அந்த ஒன்றுதான். "ஒவ்வொரு வெள்ளிக்கிழமையும் சந்தையில தேடினேன். அவர் முகமே மறந்துடுமோன்னு பயம்மா" என்றபோது அவர் குரல் உடைந்தது. எனக்கும் அழுகை வந்துவிட்டது.

மன்னிப்புக் கேட்டுக்கொண்டே படத்தை எடுக்கப் போனேன். அவர் என் கையைப் பிடித்துக்கொண்டார். "கொலுவுல வெச்சதை நடுவுல எடுக்கக் கூடாது. முப்பது வருஷமா ஸ்டூடன்ட்ஸ் வீட்டுச் சுண்டல் சாப்பிட்டிருக்கேன், எனக்குத் தெரியாதா? விஜயதசமி ஆகட்டும். மாலையை மட்டும் கழட்டிடு."

பிறகு குறும்பாக என்னைப் பார்த்தார். "உன் துரை என்ன வேலை பார்த்தார் தெரியுமா? தாம்பரம் டு பீச் எலக்ட்ரிக் ட்ரெயின் ஓட்டினார். நீ காலேஜுக்கு எதுல போனே?"

"அதே ட்ரெயின்லதான் ஆன்ட்டி."

குரோம்பேட்டையிலிருந்து மூன்று வருடம் போயிருக்கிறேன். லேடீஸ் பெட்டியில் பூ விற்பவர் வரை அத்தனை பேரையும் தெரியும். வண்டியை ஓட்டுவது யார் என்று ஒரு நாளும் எட்டிப் பார்த்ததில்லை.

அட்டையைக் கிழித்துப்போட்டேன். அவர் சொன்னபடி புதிதாக எழுதினேன். அதில் இருந்தது 'பல்லாவரத்துக்காரர்கள்' என்ற ஒரே வார்த்தை. பரிசு அந்த வருடமும் மேல் வீட்டுக்கே போனது. கொஞ்சம் கடுப்புதான், பொய் சொல்வானேன்.

விஜயதசமிக்கு மறுநாள் படத்தைப் புடவையில் சுற்றி எடுத்துப்போனேன். கேட்டிலேயே காத்திருந்தார். நான் சைவம் என்பதால் புதுப் பாத்திரம் வாங்கி, தேங்காய்ப்பாலில் மஞ்சள் சோறு, பருப்பு, சிவப்பு வெங்காயச் சட்னி எல்லாம் செய்திருந்தார். நான் மூன்றாம் முறை கேட்டு வாங்கிச் சாப்பிட்டேன். கூடத்துச் சுவரில் ஒரு ஆணி மூன்று வருடமாகச் சும்மாவே இருந்தது. வெள்ளையடித்தவர்களிடம் சண்டை போட்டு, பிடுங்க விடாமல் வைத்திருந்தாராம். படத்தை அதில் நான்தான் மாட்டினேன்.

ஆளைத் தெரியாமல் அட்டை எழுதும் பழக்கம் என்னை விட்டு முழுசாகப் போய்விட்டது என்று சொல்லமாட்டேன். ஆனால் இன்றும் தாம்பரம் ட்ரெயின் பிளாட்பாரத்துக்குள் நுழையும்போது, என் கண் முதலில் தேடுவது அதை ஓட்டிவருபவரின் முகத்தைத்தான்.