இந்த டிஸ்க் இந்த லேப்டாப்பில் சேருமா?

லேப்டாப்புக்கு ஹார்டு டிஸ்க் மாற்றுவது நாலு ஸ்குரூவைக் கழற்றி நாலு ஸ்குரூவை மாட்டுகிற வேலை. அந்த இரண்டு நாலுக்கும் நடுவில்தான் என் மானம் பலமுறை போயிருக்கிறது. நாகர்கோவிலில் சர்வீஸ் கடை வைத்திருந்தவன் நான். சேரும் என்று நம்பி ஒரு சாமானை வாங்கி, சேராமல் அதைக் கையில் வைத்துக்கொண்டு நின்ற அனுபவம் உங்களுக்கும் இருந்தால், நாம் ஒரே பெஞ்சு.

மயிலாடியில் ஒரு பகல்

2006 வாக்கில், கடை திறந்த புதிது. மயிலாடியில் சிற்பக்கூடம் வைத்திருந்த தாணு ஆசாரி போன் செய்தார். செய்து கொடுத்த சிலைகளின் படமெல்லாம் லேப்டாப்பில் நிறைந்துவிட்டது, பெரிய டிஸ்க் வேண்டும், சாயங்காலம் கோயில் கமிட்டிக்காரர்கள் படம் பார்க்க வருகிறார்கள் என்றார். "லேப்டாப் டிஸ்க் எல்லாம் ஒரே அளவுதான் அண்ணாச்சி, அரை மணி நேரத்து வேலை" என்றேன். அளவு ஒன்றுதான். அதில் பொய் இல்லை.

கமிட்டிக்காரர்கள் மதியமே வந்துவிட்டார்கள். ஐந்து பேர் சுற்றி நின்று பார்க்க, பழைய டிஸ்கை இழுத்தேன். அதன் விளிம்பில் இரண்டு வரிசையாக ஊசி ஊசியாய் பின்கள். நான் வாங்கிப் போன புது டிஸ்கில் ஒரு பின்கூட இல்லை. தட்டையாக இரண்டு நாக்கு மட்டும். கவிழ்த்துப் பார்த்தேன். தலைகீழாகத் திருப்பிப் பார்த்தேன். ஐந்து பேரும் என்னோடு சேர்ந்து தலையைத் திருப்பினார்கள். கடைசியில் பழையதையே மாட்டிக் கொடுத்தேன். அவர்களுக்குப் படத்தைக் காட்டிவிட்டு, ஆசாரி என்னைத் தனியே அழைத்துச் சொன்னார்: "தம்பி, நாங்க கல்லைத் தட்டிச் சத்தம் கேட்டுட்டுதான் உளியை எடுப்போம். நீ பெட்டியைத் தொறக்காமலே டிஸ்க் வாங்கிட்டு வந்திருக்கியே!"

போனில் வைத்தியம்

அன்றிலிருந்து யார் போன் செய்தாலும் ஒரே பல்லவி: "முதல்ல தொறந்து பாருங்க. டிஸ்க் வாயில இருக்கது முள்ளு மாதிரி பின்னா, தட்டையான தகடான்னு சொல்லுங்க. பொறவுதான் டிஸ்க்." சுசீந்திரத்தில் ஓய்வுபெற்ற தலைமையாசிரியர் ஒருவர் இதை மிகவும் மரியாதையாகக் கேட்டுக்கொண்டார். இரண்டு நாள் கழித்து லேப்டாப்பை ஒரு பெரிய மைசூர்பாகு டப்பாவில் கொண்டுவந்தார். கீபோர்டு தனி, திரை தனி, காற்றாடி தனி. ஸ்குரூக்கள் ஒரு காகிதப் பொட்டலத்தில். டிஸ்க் இருக்கும் இடத்தில் இரண்டே ஸ்குரூ போட்ட சின்ன மூடி ஒன்று உண்டு; அது மட்டும் திறக்கப்படாமல் பத்திரமாக இருந்தது. நான் அதைத் தொட்டுக் காட்டியதும் கண்ணாடியை இறக்கிவிட்டு என்னைப் பார்த்தார். "தொறந்து பாக்கச் சொன்னீரு. எதைத் தொறக்கணும்னு சொன்னீரா வோய்?"

இரண்டு பின்

இனயத்திலிருந்து வந்த ஜெசிந்தா மீன்வலைக் கம்பெனியில், தப்பாக விழுந்த கண்ணிகளை ஊசியால் எடுத்துச் சரிசெய்கிற வேலை செய்தாள். கல்ஃபில் இருந்த அவள் கணவன் புது டிஸ்க் அனுப்பியிருந்தான். இந்த முறை எல்லாம் பொருத்தம். பழையதும் முள், புதியதும் முள். பழையதிலிருப்பதைப் புதியதற்கு மாற்றினால் போதும். "அண்ணா, அதுல எங்க கல்யாண வீடியோ கெடக்கு. அப்பா நடந்து வாரது அதுல மட்டும்தான் இருக்கு" என்றாள். அப்பா அடுத்த வருடமே தவறிவிட்டாராம். வேறு பிரதி இல்லை.

"பயப்படாதம்மா, இதெல்லாம் நமக்குச் சாதாரணம்" என்று சொல்லிக்கொண்டே பழைய டிஸ்கில் கேபிளைச் செருகினேன். இறுக்கமாக இருந்தது. அழுத்தினேன். ஒரு பின் தள்ளிச் செருகியிருக்கிறேன் என்று கழற்றிய பிறகுதான் தெரிந்தது. ஓரத்தில் இரண்டு பின்கள் மடங்கிப் படுத்திருந்தன. முறிந்தால் அப்பா போனார். லென்ஸையும் இடுக்கியையும் எடுத்தேன். இடுக்கி என் கையில் ஆடிய ஆட்டத்தில் நல்ல பின்களும் மடங்கியிருக்கும்.

அவள் கொண்டையிலிருந்து ஒரு ஊசியை உருவி, டிஸ்கைத் தன் பக்கம் இழுத்து, வெளிச்சத்துக்குத் திருப்பிக்கொண்டாள். ஒரே மூச்சில் நிமிர்த்தவில்லை. கொஞ்சம் தூக்குவாள், விடுவாள், மறுபடி கொஞ்சம். கால் மணி நேரம் ஆயிற்று. இரண்டும் நிமிர்ந்தன. கேபிளைப் பார்த்துச் செருகியதும் வீடியோ வந்தது, வேட்டி நுனியைப் பிடித்தபடி ஒருவர் படியேறி வந்தார். அவள் கண்ணைத் துடைத்துக்கொண்டு, என் கையைப் பார்த்துச் சொன்னாள்: "ஒங்களுக்குதான் கை இன்னும் நிக்கல்ல. ஒரு சாயா குடிங்க அண்ணா."

உள்ளே போயிற்று, பேசவில்லை

சில வருடங்களில் முள்ளும் போயிற்று, தகடும் போகத் தொடங்கியது. சூயிங்கம் பட்டை மாதிரி டிஸ்க் வந்தது. பூதப்பாண்டியைச் சேர்ந்த சுபா, கல்லூரியில் தமிழ் விரிவுரையாளர், ஆய்வேட்டு வேலைக்காக வேகமான டிஸ்க் கேட்டார். நான் இப்போது ஞானி. பெட்டியைத் திறந்து, டிஸ்க் செருகுகிற வாயைப் பார்த்து, அதில் வெட்டு எந்தப் பக்கம் என்று பார்த்து வாங்கினேன். அழகாக உட்கார்ந்தது. லேப்டாப்போ டிஸ்கே இல்லை என்றது.

டிஸ்க் செத்தது என்று முடிவுகட்டி, மொத்தக் கடைக்காரரிடம் போய் நாலு பேர் முன்னால் சண்டை பிடித்தேன். அவர் அதை எடுத்துத் தன் லேப்டாப்பில் போட்டார். உடனே ஓடியது. வாய் ஒன்றாக இருந்தாலும் அதில் செருகுகிற டிஸ்கில் இரண்டு வகை உண்டாம். சுபாவின் லேப்டாப்புக்குப் பழைய வகைதான் புரியுமாம். திரும்பி வந்து, "கதவு ஒண்ணுதான் டீச்சர், உள்ள பேசுற பாஷை வேற" என்று சமாளித்தேன். அவர் சிரிக்காமல் கேட்டார்: "நான் சென்னையில ஆட்டோவுல ஏறி வழி சொன்னது போல, இல்லியா? அவனும் தமிழு, நானும் தமிழு, போய்ச் சேந்தது வேற எடம்."

திறக்காமல் சொன்னாலும் தப்பு, திறந்து பார்த்துச் சொன்னாலும் தப்பு என்று புரிந்துகொள்ள எனக்குப் பன்னிரண்டு வருடம் பிடித்தது. இதைப் படித்த உங்களுக்கு நாலு நிமிடத்தில் முடிந்துவிட்டது.