மைக்காரன் காதில் விழுந்தவை

மைக் செட் தொழிலில் ஒரு சாபம் உண்டு: கூட்டத்துக்கு வந்தவர்கள் பாதியில் எழுந்து போகலாம், நாம் மட்டும் ஒயரைச் சுருட்டும்வரை கேட்டே ஆகவேண்டும். சிதம்பரத்தில் கடை வைத்துக் கடலூர்வரைக்கும் கூம்பு ஸ்பீக்கர் கட்டுகிறேன். தெருமுனைக் கூட்டம் நடக்கும் தெருவில் குடியிருப்பவர்களே, உங்கள் வேதனை எனக்குத் தெரியும். நீங்களாவது ஜன்னலைச் சாத்திக்கொள்ளலாம்.

அமைதி, அமைதி

ஒலி மாசு விழிப்புணர்வுக் கூட்டம் என்று கூப்பிட்டார்கள். சின்னதாக இரண்டு பாக்ஸ் போதும் என்று எடுத்துப் போனேன். அமைப்பாளர் முகம் சுருங்கிவிட்டது. கடைத்தெரு முழுக்கக் கூம்பு கட்டச் சொன்னார். எதிரே ஆஸ்பத்திரி இருக்கிறதே என்றேன்.

"நோயாளிங்க நன்மைக்குத்தானேங்க இந்தக் கூட்டமே! அவுங்களுக்குக் கேக்கலன்னா எப்படி?"

நிழல்

காடாம்புலியூர்ப் பக்கம் பஸ் நிழற்குடை திறப்பு விழா. சித்திரை வெயில். பலாப்பழக் கூடையோடு வந்த ஓர் அம்மா உள்ளே நுழையப் போனார். கட்சிக்காரர் ஒருவர் ரிப்பனைக் காட்டித் தடுத்தார். "தலைவர் வந்து வெட்டட்டும்மா, அப்புறம் காலம்பூரா நிழல் உங்களுதுதான்."

கூட்டத்தைப் பார்த்து எந்தப் பஸ்ஸும் நிற்கவில்லை. அந்த அம்மா ரோட்டோரம் உட்கார்ந்து பழத்தை அறுத்துச் சுளை விற்க ஆரம்பித்தார். தலைவர் வந்து ரிப்பன் வெட்டியபோது பொழுது சாய்ந்திருந்தது. கைதட்டல் ஓய்ந்ததும் அந்த அம்மா என்னைக் கூப்பிட்டார்.

"மைக்காரரே, நெழலு கெடக்கட்டும். ஒரு லைட்டப் போடுங்க, சொள தெரியல."

நன்றி

கடலூர்ப் பக்கத்துக் கிராமம் ஒன்றில் குளத்தை ஒட்டிக் குப்பைக் கிடங்கு வரப்போவதாகப் பேச்சு. மக்களிடம் கருத்துக் கேட்கக் கூட்டம் போட்டார்கள். அந்தக் குளத்துத் தண்ணீரை நம்பி மாடு வைத்திருப்பவர் செல்வி. முதல் ஆளாக வந்து மைக்கைப் பிடித்தவர், மேடைக்குப் பின்னால் இருந்த பேனரைப் பார்த்து நின்றுவிட்டார். 'திட்டத்தை வரவேற்ற பொதுமக்களுக்கு நன்றி' என்று போட்டிருந்தது.

"நாங்க இன்னும் வாயே தொறக்கலியே, எதுக்கு நன்றி?" என்றார். மேடையில் இருந்தவர் கொஞ்சமும் அசரவில்லை.

"அது கூட்டம் முடிஞ்சதும் கட்ட வேண்டியதும்மா. பந்தல்காரன் அவசரப்பட்டுட்டான்."

பூட்டு

புயல் எச்சரிக்கை. கிள்ளைக்கு அந்தாண்ட ஒரு மீனவர் தெருவுக்கு ஆட்டோவில் மைக் கட்டிக்கொண்டு போய், "எல்லாரும் பாதுகாப்பு மையத்துக்குப் போங்க" என்று தொண்டை வறளக் கத்தினேன். எளிதில் நகராத சனம் அன்று பிள்ளைகுட்டிகளோடு கிளம்பிவிட்டது. பின்னாலேயே போனேன். மையம் பூட்டிக் கிடந்தது. சாவி வைத்திருந்தவர் மச்சினன் கல்யாணத்துக்குப் போயிருந்தார், போன் எடுக்கவில்லை.

மழை முகத்தில் அறைந்தது. பிள்ளை பெற்று ஒரு வாரம்கூட ஆகாத பெண் ஒருத்தி, குழந்தையை முந்தானைக்குள் சுருட்டிக்கொண்டு சுவரோடு ஒட்டி நின்றாள். அவள் அண்ணன் என்னிடம் திரும்பினான். "நீதான மச்சான் கூப்ட்ட? இப்ப மைக்ல சொல்லிக் கதவத் தொறக்க வையேன்!" ஆட்டோவில் கிடந்த ஜாக்கி ராடை எடுத்து நீட்டினேன். அவன் அடித்த அடியில் பூட்டு தெறித்தது. அன்றைய காற்றில் அந்தத் தெருவில் பாதிக் கூரைகள் போய்விட்டன. ஆட்களுக்கு ஒன்றும் ஆகவில்லை.

மறுநாள் ஜீப்பில் ஓர் அதிகாரி வந்தார். பறந்த கூரைகளைப் பார்த்தார், மையத்துக்குள் தூங்கிய கைக்குழந்தையைப் பார்த்தார், கதவைப் பார்த்ததும் நின்றுவிட்டார். நாலு நல்ல வார்த்தை சொல்வார் என்று மைக்கை ஆன் செய்து கொடுத்தேன். தெரு முழுக்கக் கேட்டது.

"அரசாங்கப் பூட்ட ஒடச்சது யாரு?"

நாட்டில் எது பழுதானாலும் முதலில் மைக்காரனைத்தான் கூப்பிடுகிறார்கள், அதனால் என் தொழில் மட்டும் நொடிக்கவே நொடிக்காது.