விளக்கை அணைக்கச் சொன்னவள்

முருகனிடம் மரியாதையாகப் பேசி எனக்குப் பழக்கமில்லை. பிள்ளையைத் திட்டுவதுபோலத் திட்டுவேன், பிறகு அழுவேன். 1997-ல் ஒரு ஞாயிற்றுக்கிழமை கராஜில் உட்கார்ந்துகொண்டு அப்படித்தான் திட்டினேன். "டேய் முருகா, எங்கடா போய்த் தொலைஞ்ச?"

என் மடியில் என் வீட்டுக்காரர் தலை. அவருக்கு நெஞ்சு வலி. நாற்பது வயதுகூட ஆகவில்லை. சிகரெட் கிடையாது, எந்தப் பழக்கமும் கிடையாது. கார் டிக்கியிலிருந்து அரிசி மூட்டையை இறக்கிவைத்தவர் அப்படியே சாய்ந்துவிட்டார்.

நாங்கள் கோபிச்செட்டிபாளையத்துக்காரர்கள். அவர் மேல்படிப்புக்காக அமெரிக்கா வந்து, கலிபோர்னியாவின் பே ஏரியாவிலேயே வேலைக்குச் சேர்ந்தார். சான் ரமோனைத் தாண்டி ஒரு சின்ன ஊரில் வீடு. எங்கள் தெருமுனையிலேயே தீயணைப்பு நிலையம். போன் செய்த சூட்டோடு அந்தச் சிவப்பு வண்டி வந்துவிட்டது. ஆஹா, வந்துவிட்டார்கள் என்று நினைத்தேன். நல்ல மனிதர்கள், ஆக்ஸிஜன் வைத்தார்கள், நாடி பார்த்தார்கள், "ஹேங் இன் தேர், சார்" என்று தைரியம் சொன்னார்கள். ஆனால் ஊசி மருந்து போடவும், நெஞ்சுக்கு மெஷின் வைத்துப் பார்க்கவும் படித்தவர்கள் அந்த வண்டியில் இல்லை. பாராமெடிக் என்பார்களே, அவர்கள் தனியார் ஆம்புலன்ஸில்தான் வருவார்கள். அந்த ஆம்புலன்ஸோ வேறொரு நோயாளியை இறக்கிவிட்டு, ஃப்ரீவேக்கு அந்தப் பக்கத்திலிருந்து வர வேண்டியிருந்தது. யாரையும் குற்றம் சொல்ல முடியாது. தீயணைப்பு வீரர்களில் ஒருவர் அடிக்கடி எழுந்து போய்த் தெருவை எட்டிப் பார்த்துவிட்டு வந்தார். அவர் ஒவ்வொரு தடவை எட்டிப் பார்த்தபோதும் எனக்கு உயிர் போய் வந்தது.

கடைசியில் ஆம்புலன்ஸ் வந்தது. பிழைத்துக்கொண்டார். ஆனால் தாமதத்தில் இதயத்தின் ஒரு பகுதி களைத்துப்போய்விட்டது, இனி ஜாக்கிரதை என்று டாக்டர் சொன்னார். அன்றிலிருந்து எனக்குத் தூக்கம் போயிற்று. அவர் குளிக்கப் போனால் கதவுக்கு வெளியே நிற்பேன். தண்ணீர்ச் சத்தம் நின்றால், "ஏனுங்க!" என்று கத்துவேன். "சோப்புப் போடறேன் தாயி, அதுக்குக்கூட விட மாட்டியா?" என்பார் உள்ளேயிருந்து. அவருக்குச் சிரிப்பு. தண்ணீர்ச் சத்தம் மறுபடி கேட்கும்வரை நான் நகர மாட்டேன்.

மறு வருடம் கோடையில் அவர் ஒரு நோட்டீஸோடு வந்தார். தீயணைப்பு வண்டியிலேயே பாராமெடிக் ஒருவரைப் போடலாமா என்று ஊர்க்கூட்டம் நடக்கிறதாம்.

"நான் போய்ப் பேசப்போறேன்" என்றார்.

"நல்லா இருக்குதுங்க! நமக்கு இன்னும் கிரீன் கார்டே வரலை. வந்த எடத்துல மைக்கைப் புடிச்சு நமக்கு எதுக்கு வம்பு?"

"நெஞ்சு வலி கிரீன் கார்டு பாத்துட்டா வருது?"

பதில் வராவிட்டால் எனக்குக் கோபம் வரும். "நீங்க மீட்டிங்குக்குப் போங்க. நான் முருகன்கிட்டப் பேசிக்கறேன்" என்றேன்.

நாலு பேர் முன்னால் வாய் திறக்காத மனிதர் போய்ப் பேசிவிட்டு வந்தார். அங்கே பெரிய விவாதமாம். ஆம்புலன்ஸ்தான் இருக்கிறதே, இது எதற்கு வீண்செலவு என்று சிலர். ஆம்புலன்ஸ் கம்பெனிக்காரர் ஒருவரே எழுந்து, "அவங்க முதல்ல வைத்தியத்தை ஆரம்பிக்கட்டும், நாங்க வந்து கூட்டிட்டுப் போறோம், இதுல சண்டை என்ன?" என்ற அர்த்தத்தில் பேசினாராம். முடிவில், ஒரே ஒரு நிலையத்தில் சோதனையாக ஆரம்பிப்பது என்று தீர்மானித்தார்கள். அது எங்கள் தெருமுனை நிலையம். அவர் அதைச் சந்தோஷமாகச் சொன்னபோது நான் தோசைக் கல்லைப் பார்த்துக்கொண்டு "சரிங்க" என்றேன், அவ்வளவுதான்.

என்னுடைய மனு வேறு இடத்தில் இருந்தது. அந்த ஐப்பசியில் கந்த சஷ்டிக்கு ஒரு வேண்டுதல் வைத்தேன். ஆறு நாளும் விரதம், ஆறு நாளும் அணையாத விளக்கு. "முருகா, இந்த விளக்கு மாதிரி அவரை எனக்கு அணையாம வெச்சிரு" என்று சொல்லி ஏற்றினேன். சொல்லும்போதே ஏன் அப்படிச் சொன்னோம் என்று பயமாகவும் இருந்தது. ஃபேமிலி ரூம் மூலையில் படங்களுக்கு முன்னால் அந்தப் பித்தளை விளக்கு. ஹீட்டர் காற்று படக்கூடாது என்று அட்டைப் பெட்டியைத் தடுப்பாக வைத்தேன். மகள் கவிதா பக்கத்தில் ஓடினாலே ஒரு அதட்டல். எண்ணெயைத் தளும்பத் தளும்ப ஊற்றி வைத்திருந்தேன்.

ஐந்தாம் நாள், சனிக்கிழமை. மத்தியானம் குளித்துவிட்டுத் திருநீறு எடுக்க வந்தவர், கையை நீட்டினார். நீட்டியபடியே விழுந்தார். விளக்கின் பாதத்துக்குப் பக்கத்தில் தலை. கூப்பிட்டேன், அசைவில்லை. மூச்சு இல்லை.

அவசர எண் 911-ல் பேசிய பெண், எண்ணிக்கொண்டே நெஞ்சை அழுத்தச் சொன்னாள். எனக்கு எண்ண வரவில்லை, "முருகா முருகா" என்றே அழுத்தினேன். கவிதா ஓடிப்போய் வாசல் கதவைத் திறந்து வைத்தாள். தெருமுனையில் சைரன் எழுந்தது. எழுந்த கொஞ்ச நேரத்துக்குள் வாசலில் நின்றது.

பெரிய பெரிய பூட்ஸோடு மூன்று பேர் சாமி முன்னால் வந்து நின்றார்கள். இப்போது நினைத்தால் வெட்கமாக இருக்கிறது, நான் முதலில் சொன்ன வார்த்தை "ஷூஸ்!" என்பது. புருஷன் மூச்சில்லாமல் கிடக்கிறார், நான் ஷூவைக் கழற்றச் சொல்கிறேன். பழக்கம் அப்படி! யார் காதிலும் அது விழவில்லை, நல்ல காலம்.

மூன்று பேரில் ஒருத்தி பெண். தலைமுடியை இறுக்கிக் கட்டி, கையில் பெட்டியோடு வந்தாள். அவள்தான் பாராமெடிக். பெயர் லிண்டா என்று பின்னால் தெரிந்தது. சட்டையைக் கத்தரித்து நெஞ்சில் எதையோ ஒட்டினாள். பக்கத்திலிருந்தவர் ஆக்ஸிஜன் சிலிண்டரைத் திறக்கப் போனார். லிண்டா நிமிர்ந்து விளக்கைப் பார்த்தாள். பிறகு என்னைப் பார்த்தாள்.

"மேம், புட் அவுட் தட் ஃப்ளேம். நவ்."

ஆக்ஸிஜன் இருக்கும் இடத்தில் நெருப்பு கூடாது என்பது எனக்குத் தெரியாததா? தெரியும். ஆனாலும் அசையவில்லை. தூக்கிக்கொண்டு போகலாம் என்றால் எண்ணெய் அவர் முகத்தில் கொட்டும். எந்த உயிருக்காக ஏற்றினேனோ அந்த உயிர் கீழே கிடக்கிறது, விளக்கை என் கையாலேயே அணைக்கச் சொல்கிறாள். அணைத்தால் எல்லாம் முடிந்தது என்று என் மனசு சொல்லியது. கழுத்துத் தாலி கல்லாகக் கனத்தது.

"அம்மா!" என்று கவிதா அலறினாள். "ஷீ ஸெட் நவ்!"

விளக்கை வாயால் ஊதக்கூடாது. பூவால்தான் குளிரவைக்க வேண்டும். பூ எட்டவில்லை. "நீயே பாத்துக்கோடா" என்று மனசுக்குள் சொல்லிவிட்டு, எரிகிற திரியை இரண்டு விரலால் பிடித்து எண்ணெய்க்குள் அமுக்கினேன். சுட்டதுகூடத் தெரியவில்லை. புகை வாசனை வந்தது.

லிண்டா எல்லோரையும் விலகச் சொல்லிவிட்டு, மெஷினால் நெஞ்சுக்கு ஷாக் கொடுத்தாள். அவர் உடம்பு தூக்கிப் போட்டது. ஒன்றும் ஆகவில்லை. ஒருவர் அழுத்தினார், அவள் ஊசி போட்டாள், மறுபடியும் ஷாக். சின்னத் திரையில் தாறுமாறாகத் துடித்துக்கொண்டிருந்த கோடு சீராக ஏறி இறங்க ஆரம்பித்தது. "வீ காட் ஹிம்" என்றாள். உயிர் திரும்பிவிட்டது என்கிறாள் என்று எனக்குப் புரியவே நேரம் ஆயிற்று.

அதன் பிறகுதான் ஆம்புலன்ஸ் வந்தது, தூரத்து ஊரிலிருந்து. அதில் வந்த இரண்டு பேரும் அவரைப் பதமாகத் தூக்கினார்கள். லிண்டா தன் பெட்டியோடு அதே ஆம்புலன்ஸில் ஏறி, விட்ட இடத்திலிருந்து வைத்தியத்தைத் தொடர்ந்தாள். இந்த வண்டி, அந்த வண்டி என்ற பேச்சே அங்கே இல்லை. கவிதாவைப் பக்கத்து வீட்டில் விட்டுவிட்டு, நான் முன் சீட்டில் ஏறிக்கொண்டேன்.

ஆஸ்பத்திரியில் அவர் கண் திறக்கவில்லை. நாளைக்குத்தான் சொல்ல முடியும் என்றார்கள். எங்கள் சனிக்கிழமை பஜனைக் குழுவின் மீனாட்சி ஆன்ட்டி பிளாஸ்கில் ரசம் கொண்டுவந்தார். ஆறுதலாகப் பேசிக்கொண்டே, "வீட்ல அகண்ட தீபத்தை யாரும்மா பாத்துக்கறா?" என்றார்.

"அணைஞ்சிருச்சு ஆன்ட்டி. நான்தான் அணைச்சேன்."

அவர் முகம் வாடிவிட்டது. என் கையைப் பிடித்தார், அப்போதுதான் விரல் கொப்பளத்தைப் பார்த்தார். இதைப் படிக்கும்போது கோபித்துக்கொள்ளாதீர்கள் ஆன்ட்டி, அந்த முகவாட்டம் என்னைக் கொன்றது. அவர் போன பிறகு முருகனிடம் சண்டை போடக்கூடத் தெம்பில்லை. "தப்பு பண்ணினது நான். தண்டனை இருந்தா எனக்குக் குடு, அவரை விட்டுரு" என்றேன். என் வாழ்க்கையில் அவனிடம் கெஞ்சியது அந்த ஒரு தடவைதான்.

மறுநாள் சூரசம்ஹாரம். கண் திறந்தார். என்னைப் பார்த்தார், விரலில் போட்டிருந்த கட்டைப் பார்த்தார். குரலே இல்லாமல், "என்ன தாயி, தோசைக் கல்லா?" என்றார்.

நான் எல்லாவற்றையும் கொட்டிவிட்டேன். விளக்கை அணைத்துவிட்டேன், அபசகுனம் செய்துவிட்டேன் என்று தேம்பித் தேம்பி அழுதேன்.

"ஏன் சிவகாமி, நெருப்புலயே பொறந்த சாமி அவன். உன்ற ஒத்தத் திரி அணைஞ்சதுக்கா கோவிச்சுக்கப் போறான்?"

சிரிப்பு வந்தது, அழுகையும் நிற்கவில்லை. டாக்டர் பிறகு சொன்னார்: ஷாக் கொடுக்க ஆம்புலன்ஸ் வரும்வரை காத்திருந்தால் இந்தப் பேச்சுக்கே இடமிருந்திருக்காது என்று. அந்த வினாடிதான் எனக்கு உறைத்தது. நான் விளக்கு ஏற்றுவதற்கு முன்பே என் வேண்டுதலுக்குப் பதில் தெருமுனையில் வந்து நின்றுகொண்டிருந்தது. அவர் மீட்டிங்கில் போட்ட மனுவும், நான் முருகனிடம் போட்ட மனுவும் போய்ச் சேர்ந்தது ஒரே இடத்துக்குத்தான்.

அடுத்த வருடம் மறுபடியும் ஊர்க்கூட்டம். சோதனையை நிறுத்துவதா, மற்ற நிலையங்களுக்கும் கொண்டுபோவதா என்று. இந்தத் தடவை நான் போனேன். மைக்கைப் பிடித்தேன். பின் வரிசையில் மீனாட்சி ஆன்ட்டி, பஜனைக் குழுவில் பாதிப் பேர். ஓரத்தில் யூனிஃபார்மில் லிண்டா. என் ஓட்டை ஆங்கிலத்தில் சொன்னேன்: என் வீட்டில் சாமி விளக்கு எரிந்தது, இந்தப் பெண் அணைக்கச் சொன்னாள், அணைத்தேன், அதோ உட்கார்ந்திருக்கிறார் என் கணவர். ஃப்ரீவேக்கு அந்தப் பக்கமும் என்னைப்போல ஒருத்தி இருப்பாள், அவள் தெருமுனைக்கும் ஒரு லிண்டாவை அனுப்புங்கள். இவ்வளவுதான் பேசினேன். எல்லா நிலையங்களுக்கும் என்று முடிவானது. வெளியே வந்ததும் லிண்டா என் கையைப் பிடித்து, அந்த விளக்கை நினைத்து வருத்தப்பட்டேன், அது உங்களுக்கு எவ்வளவு முக்கியம் என்று அன்றைக்குத் தெரியவில்லை என்றாள். நான் அவளைக் கட்டிக்கொண்டு அழுதேன்.

இன்றைக்கும் சஷ்டிக்கு விளக்கு ஏற்றுகிறோம். அவர்தான் ஏற்றுவார். பக்கத்தில் ஒரு பூவை நான் மறக்காமல் எடுத்து வைப்பேன்.

கஷ்டத்தில் இருக்கிறவர்களுக்கு ஒன்று சொல்கிறேன். தைரியமாக அவனிடம் கேளுங்கள், சண்டை போட்டாவது கேளுங்கள். கேட்டுவிட்டு வாசல் கதவையும் திறந்து வையுங்கள். வருகிறவன் வேலோடுதான் வருவான் என்று நினைத்துக்கொண்டிருக்காதீர்கள். பூட்ஸோடும் வருவான்.

இப்போது எங்கே சைரன் கேட்டாலும் கார் ஓட்டிக்கொண்டிருந்தால் ஓரம் கட்டிவிடுவேன், வீட்டில் என்றால் அடுப்பை விட்டு வந்து நிற்பேன். கவிதா, "அம்மா, நாட் அகெய்ன்!" என்று தலையில் அடித்துக்கொள்வாள். அடித்துக்கொள்ளட்டும். எங்கேயோ ஒரு வீட்டில் ஒருத்தி முருகா முருகா என்று அழுத்திக்கொண்டிருப்பாள்.

சீக்கிரம் போடா முருகா. கதவு திறந்துதான் இருக்கும்.