ஏழு கச்சாயமும் பத்து நாள் லீவும்

கையில் எண்ணெய்ப் பிசுக்கோடுதான் இதை எழுதுகிறேன். பேப்பரில் அங்கங்கே கறை இருந்தால் பத்திரிகை ஆசிரியர் மன்னிக்கணும்.

நேற்று எங்கள் வீட்டில் கச்சாயம் சுட்டார்கள். வெளியூர்க்காரர்களுக்கு அதிரசம் என்றால் புரியும். தீபாவளியா? இல்லை. பண்டிகையா? அதுவும் இல்லை. எங்கள் பாப்பா நடந்துவிட்டாள்! ‘பாப்பா நடக்கிறாளா, இல்லையா?’ என்று கார்டு மேல் கார்டாகப் போட்ட அந்தியூர் வாசகிக்கு இதுவே பதில்.

நடந்துவிட்டாள் என்று ஒரே வார்த்தையில் சொல்லிவிட்டேன். அது அவ்வளவு லேசில் முடிந்த காரியமா என்ன?

எங்களுடையது எப்போதோ தெலுங்கு தேசத்திலிருந்து வந்து கோயமுத்தூரில் வேர் விட்ட குடும்பம். வீட்டுக்குள் பாதி தெலுங்கு, பாதி கொங்குத் தமிழ். (உங்களுக்காக இங்கே முழுசும் தமிழ்.) எங்களிடம் ஒரு வழக்கம் உண்டு. குழந்தை புதிதாக எது செய்தாலும் அதற்கென்று ஒரு பலகாரம். குப்புற விழுந்தால் ஒப்புட்டு, அதாவது போளி. உட்கார்ந்தால் கொழுக்கட்டை. வாசற்படி தாண்டினால் வடை. முதல் அடி வைத்தால் கச்சாயம். ஏழு கச்சாயத்தை வரிசையாக வைத்து, அதன்மேல் குழந்தையை நடக்க விடுவோம். அடி வைத்த வாரமே இதைச் செய்துவிட வேண்டும். தள்ளிப்போட்டால் குழந்தைக்குக் கால் பின்னும் என்பார்கள்.

நல்ல வழக்கம்தான். வீட்டிலிருக்கும் அம்மாவுக்கு!

நானோ கருமத்தம்பட்டி டெலிபோன் எக்ஸ்சேஞ்சில் ஆபரேட்டர். பிரசவ லீவு மூன்று மாதம். அது முடிந்து வேலையில் சேர்ந்த பத்தாம் நாள், பஸ்ஸைவிட்டு இறங்கி வீட்டுக்குள் நுழைகிறேன் – ஒப்புட்டு வாசம். பாப்பா மத்தியானமே குப்புற விழுந்துவிட்டாளாம். அப்புறம் ஒரு சாயங்காலம் கொழுக்கட்டை. இன்னொரு சாயங்காலம் வடை... மற்ற அம்மாக்கள் கண்ணால் பார்ப்பதையெல்லாம் நான் டிபன் தட்டில் வைத்துத் தின்றுகொண்டிருந்தேன்.

பகலில் பாப்பாவைப் பார்த்துக்கொள்வது இரண்டு பேர். ஒருவர் என் வீட்டுக்காரர். வீட்டுக்குப் பின்னால் ஷெட் போட்டு, எரிந்துபோன மோட்டார்களுக்குக் கம்பி சுற்றிக் காயில் கட்டுகிறார். இன்னொருவர் வதின – அதாவது அவருடைய அக்கா. அடுத்த போர்ஷனில் குடியிருக்கிறார். தங்கமான மனுஷி. பொய் சொன்னால் சாமி கண்ணைக் குத்தும் என்று இந்த வயதிலும் நம்புகிறவர். ஆனால் அவர் வயிற்றில் ஒரு ரகசியம் தங்காது. காலையில் சொன்னால் மத்தியானத்துக்குள் எங்கள் பீளமேடு முழுக்கத் தெரிந்துவிடும்.

வடை சாப்பிட்ட அன்றைக்கே இரண்டு பேரிடமும் கண்டிப்பாகச் சொன்னேன். எல்லாம் போகட்டும், முதல் அடியை மட்டும் நான்தான் பார்க்கணும் என்று. சொல்லும்போதே குரல் உடைந்துவிட்டது. இருவரும் பூம்பூம் மாடு மாதிரித் தலையாட்டினார்கள். குழந்தையும் ஒத்துக்கொள்ள வேண்டுமே?

பாப்பாவுக்குப் பதினோரு மாதம் ஆனதும் கட்டில் காலைப் பிடித்துக்கொண்டு நிற்க ஆரம்பித்தாள். இனி ஒரு நாளும் விடக்கூடாது என்று பத்து நாள் லீவு எழுதிக் கொடுத்தேன். எங்கள் சூப்பர்வைசர் மூக்குக் கண்ணாடியை இறக்கி என்னைப் பார்த்தார்.

“ஏனுங்க, கொழந்தை நடக்கறதுக்கு லீவுங்களா? அது உங்ககிட்ட தேதி குடுத்திருக்குதுங்களா?”

கேட்டுவிட்டுக் கையெழுத்துப் போட்டார். நல்ல மனிதர். ஆனால் கரிநாக்கு.

பத்து நாளும் ஹாலில் பாய் விரித்து உட்கார்ந்தேன். கிலுகிலுப்பை ஆட்டினேன். பிஸ்கெட் காட்டினேன். அவள் நிற்பாள், என்னைப் பார்த்துச் சிரிப்பாள், பொத்தென்று உட்கார்ந்து தவழ்ந்து வந்து பிஸ்கெட்டைப் பிடுங்கிக்கொள்வாள். தவழ்ந்தாலே பிஸ்கெட் கிடைக்கும்போது எதற்காக நடக்க வேண்டும்? அவள் புத்திசாலி. நான்தான் மக்கு.

லீவு தீர்ந்தது. பிஸ்கெட்டும் தீர்ந்தது. திங்கட்கிழமை பஸ் ஏறினேன்.

வியாழக்கிழமை சாயங்காலம் வீட்டுக்கு வந்து, கால் கழுவப் பின்பக்கம் போனவள் அப்படியே நின்றுவிட்டேன். வதின வீட்டு உள்நடையில் வெள்ளைத் துண்டு விரித்து, அதில் ஊறவைத்த பச்சரிசி ஈரத்தோடு உலர்ந்துகொண்டிருந்தது.

நிழலில் காயும் பச்சரிசி. கச்சாயத்துக்கு அப்படித்தான் காயவைக்க வேண்டும். என்ன அரிசி என்று கேட்டேன்.

“புட்டுக்கு ஆகுமே, அம்மணி. ரொம்ப நாளாச்சில்ல” என்றார் வதின. என் முகத்தைப் பார்க்கவில்லை. துண்டின் ஓரத்தை நீவிக்கொண்டே சொன்னார்.

சரி, புட்டு என்றே வைத்துக்கொள்வோம். சமையலறைக்குள் போனால் மேடையில் ஒரு காகிதப் பொட்டலம். பிரித்தேன் – உருண்டை வெல்லம். என் வீட்டுக்காரர் எழுதிக் கொடுத்த சாமானிலேயே பாதியை மறந்துவிட்டு வருகிறவர். அவர் தானாக வெல்லம் வாங்கி வந்திருக்கிறாரா? “வழியில கண்ணுல பட்டுது, வாங்கிப்போட்டேன்” என்றார். இரண்டு பேருமாகச் சேர்ந்து முழுப் பூசணிக்காயைச் சோற்றில் மறைக்கிறார்கள்!

பாப்பா நடந்துவிட்டாள். அன்றைக்கே, பகலிலேயே. நான் எங்கோ ஒரு விசைத்தறிக்காரருக்கு ஈரோட்டுக்கு லைன் போட்டுக் கொடுத்துக்கொண்டிருந்த நேரத்தில்.

பாத்ரூமுக்குள் போய்க் குழாயைத் திறந்துவிட்டு அழுதேன். வாளி நிறைந்து வழிகிற வரைக்கும் அழுதேன். யார் மேல் கோபப்படுவது என்று தெரியாத அழுகை அது. எங்கள் வீட்டுக்கு என் சம்பளமும் வேண்டும். எனக்கு என் வேலையும் பிடிக்கும். அதற்காக இதுவும் போக வேண்டுமா?

வெளியே வந்து இரண்டு பேரையும் நன்றாகக் கேட்டுவிடுவது என்று முடிவு செய்து, முகத்தைத் துடைத்துக்கொண்டு ஹாலுக்கு வந்தேன். பார்த்தால், என் வீட்டுக்காரர் காக்கி டவுசரோடு தரையில் மண்டி போட்டிருக்கிறார். பாப்பாவைக் கட்டில் ஓரம் நிறுத்தி, என் பக்கம் கை காட்டி, “அம்மாகிட்ட போ கண்ணு, போ” என்று கெஞ்சுகிறார். நெற்றியெல்லாம் வியர்வை. கதவோரம் வதின கையைப் பிசைந்துகொண்டு நிற்கிறார். ஊருக்கே செய்தி வாசிக்கிற மனுஷி, தொண்டை வரைக்கும் வந்த இவ்வளவு பெரிய சமாசாரத்தை எனக்காக விழுங்கிக்கொண்டு நிற்கிறார்.

பாப்பா பொத்தென்று உட்கார்ந்துவிட்டாள். கேட்க வந்ததை நான் கேட்கவில்லை. காப்பி இருக்கிறதா என்று மட்டும் கேட்டேன்.

வெள்ளிக்கிழமையும் அதே கெஞ்சல். சனிக்கிழமையும் அதேதான். பாவம், அவர் ஷெட்டில் கட்டிய காயிலைவிட ஹாலில் போட்ட மண்டிதான் அதிகம். வதினவின் அடுப்படியில் ஒரு எவர்சில்வர் தூக்கு, மூடியின் மேல் துணி கட்டி, பத்திரமாக மூலையில் இருந்தது. நான் அந்தப் பக்கமே திரும்பவில்லை.

நேற்று ஞாயிற்றுக்கிழமை, காலை பத்து மணி இருக்கும். நான் துணி மடித்துக்கொண்டிருந்தேன். யாரும் கூப்பிடவில்லை, பிஸ்கெட் காட்டவில்லை. பாப்பா கட்டிலை விட்டாள். ஒரு அடி. கையைத் தூக்கிக்கொண்டு இன்னொரு அடி. அப்புறம் தடதடவென்று இரண்டு. வந்து என் மடியில், மடித்து வைத்த துணியின் மேல் விழுந்தாள்.

எனக்குத் தெரியும் – அது முதல் அடி இல்லை. பத்தாவதோ, ஐம்பதாவதோ! அதனால் என்ன குறைந்துபோனது? ஒன்றும் இல்லை. கண் நிறைந்தது, அவளை இறுக்கிக் கட்டிக்கொண்டேன். நிஜமான சந்தோஷம், கலப்படமில்லாதது. என் வீட்டுக்காரர் சுவரில் சாய்ந்து பெருமூச்சு விட்டார். மூன்று நாள் பாரம்!

“மொதோ அடிங்களா, வதின?” என்று வேண்டுமென்றேதான் கேட்டேன்.

வதின ஒரு நிமிஷம் யோசித்தார். முந்தானையால் கண்ணைத் துடைத்துக்கொண்டார்.

“அவங்கம்மாகிட்ட நடந்து வாரது இதுதான் மொதோ தடவ, கண்ணு.”

எண்ணிப் பார்த்தேன். அதில் ஒரு சொல்கூடப் பொய் இல்லை.

அடுத்த அரை மணி நேரத்தில் தட்டு நிறையச் சுடச்சுடக் கச்சாயம் வந்துவிட்டது. ஏழு கச்சாயத்தை வாழையிலையில் வரிசையாக வைத்து, ஆறவிட்டு, பாப்பாவின் இரண்டு கையையும் பிடித்து நடக்க விட்டோம். நாலாவது கச்சாயத்தில் மேடம் உட்கார்ந்துவிட்டார். ஐந்தாவதை எடுத்துக் கடித்தார். மிச்சத்தை அக்கம்பக்கத்துக்குக் கொடுத்துவிட்டோம்.

பச்சரிசி ஊறி, உலர்ந்து, பாகில் சேர்ந்து, மாவு இரண்டு நாளாவது இருக்க வேண்டும். அப்போதுதான் கச்சாயம் வரும். கல்யாணமான புதிதில் எனக்கு இதைச் சொல்லிக் கொடுத்ததே வதினதான். அரை மணியில் எப்படி வந்தது என்று அவரும் யோசிக்கவில்லை, அவர் தம்பியும் யோசிக்கவில்லை. நானும் கேட்கவில்லை. இன்னும் இரண்டு வேண்டும் என்று வாங்கித் தின்றேன்.

ஒரே ஒரு சிக்கல். இந்தப் பத்தியை வாரா வாரம் முதலில் படிக்கிற ஆளும் வதினதான். ஆகவே பேப்பர்காரரிடம் சொல்லிவிட்டேன் – இந்த வாரம் மட்டும் எங்கள் தெருவுக்கு இதழ் வராது. பீளமேட்டு வாசகர்களே, நீங்களும் மூச்சு விட்டுவிடாதீர்கள்!