அக்காவுக்குக் கண் தெரியும் என்றொரு புகார்

என் அக்காவுக்குக் கண் தெரியுமா, தெரியாதா என்பதில் எங்கள் ஊர் இரண்டு கட்சியாகப் பிரிந்து கிடந்தது. ஜவ்வாது மலையில், புதூர்நாட்டுப் பக்கம் சில வீடுகள் மட்டுமே உள்ள ஊர். யார் கேட்டாலும் அக்கா, "மங்கலா தெரியுது" என்பாள். அதற்குமேல் ஒரு வார்த்தை வராது. சாமைக் கொல்லைக்குப் போய்க் கல் தடுக்காமல் திரும்பி வருவாள். ஆனால் எதிரே வந்து நிற்பவர் வாயைத் திறக்கும்வரை அவள் முகத்தில் சிரிப்பு வராது. அப்பா இல்லாத எங்கள் வீட்டுக்குப் பெரிய மனிதரான மாமா, "வேலைக்கு டிமிக்கி குடுக்க வேஷம் போடுது" என்று எப்போதோ தீர்ப்புச் சொல்லிவிட்டிருந்தார்.

அக்கா எங்கே போனாலும் நானும் கூடப் போக வேண்டும். நான் வாயாடி. "த்தோ பள்ளம், த்தோ ஆடு குறுக்க வருது" என்று வழியெல்லாம் பேசிக்கொண்டே முன்னால் நடப்பேன். மற்றவர்கள் அதட்டுவார்கள். அக்கா மட்டும், "நீ பேசுடி" என்பாள்.

ஊருக்குக் கீழே ஓடை ஒரு பாறையிலிருந்து விழுந்து மடுவாகத் தேங்கும். அதில் இறங்கிவிட்டால் அக்காவுக்கு நான் வேண்டியதில்லை. அருவிச் சத்தத்துக்கு முதுகைக் காட்டி அக்கரைக்கு நீந்துவாள், அதே சத்தத்துக்கு முகத்தைக் காட்டித் திரும்புவாள். ஊர்ப் பையன்கள் ஒருவரும் அவளை முந்தியதில்லை.

எண்பதுகளின் தொடக்கத்தில் கண் வைத்தியம் பார்க்கிறவர்கள் ஜீப்பில் மலைக்கு வந்தார்கள். வரிசையில் நிற்கவைத்து, அட்டையில் இருந்த எழுத்துகளை ஒவ்வொருவராக உரக்கப் படிக்கச் சொன்னார்கள். அக்காவின் முறை வந்தபோது மேல் மூன்று வரிகளைப் பிழையில்லாமல் படித்தாள். "பாத்தியா!" என்று மாமா அம்மாவின் பக்கம் திரும்பினார்.

அவர்களோடு மலைக்குக் கீழே, கீழ்நாட்டில் இருந்த பார்வையற்றோர் பள்ளியின் டீச்சர் ஒருவரும் வந்திருந்தார். சாயங்காலம் மடுவில் அக்கா நீந்துவதைப் பார்த்துவிட்டு நேராக எங்கள் வீட்டுக்கு வந்தார். பார்வை குறைந்தவர்களுக்கு மெட்ராசில் நீச்சல் போட்டி நடக்கிறதாம், தம்மோடு அனுப்பினால் பயிற்சி கொடுப்பாராம்.

பாலம் கட்டுகிறவர்கள் பலி கொடுக்கப் பிள்ளை தேடுகிறார்கள் என்று மலை முழுக்கப் பேச்சாக இருந்த காலம். "நீந்தறதுக்கு மெட்ராசா? நம்ம மடுவுல தண்ணி இல்லியா? இதுல இன்னாமோ இருக்குது" என்றார் மாமா. அம்மா டீச்சரிடமே கேட்டுவிட்டாள்: "எம் பொண்ணு மேல உங்களுக்கு இன்னாங்க இவ்ளோ அக்கற?"

டீச்சர் சிரித்தார். சிரித்ததால் சந்தேகம் இன்னும் வலுத்தது. அக்கா இரண்டு நாள் சாப்பிடாமல் கிடந்த பிறகுதான் அம்மா இறங்கி வந்தாள். பள்ளிக்கூடத்துக் கிணற்றில் பயிற்சி நடந்த மாதங்களில் மாமா புளி விற்கும் சாக்கில் அடிக்கடி போய், அவள் உயிரோடு இருக்கிறாளா என்று பார்த்துவிட்டு வந்தார். போட்டிக்கு அவரும் நானும் கூடவே போனோம்.

மெட்ராசில், போட்டிக்குக் கொஞ்ச நேரம் முன்னால், வேறொரு பள்ளிக்காரர் புகார் கொடுத்தார். வழக்கம்போல நான் பேசிக்கொண்டே முன்னால் போக, அக்கா பின்னால் வந்து குழாயில் முகம் கழுவியதை அவர் பார்த்திருக்கிறார். "அந்தப் பொண்ணு யார் கையையும் புடிக்காம நடக்குது. நல்லா கண்ணு தெரியுது. ஏமாத்தறாங்க" என்று சத்தம் போட்டார்.

எங்களை ஒரு அறைக்கு அழைத்துப் போனார்கள். டாக்டர் சுவரிலிருந்த அட்டையைப் படிக்கச் சொன்னார். அக்கா மலையில் படித்த அதே மூன்று வரிகளைக் கடகடவென்று ஒப்பித்தாள். இந்த அட்டையில் எழுத்தே இல்லை. வீடு, பூனை என்று படங்கள்தான் இருந்தன. டாக்டர் டீச்சரைப் பார்த்தார். பிறகு டார்ச்சை அக்காவின் கண்ணருகே கொண்டுபோனார்.

"லைட்டு எரியுதாம்மா?"

"எரியுதுங்க."

அவர் அதைப் போடவே இல்லை.

"இந்தப் பொண்ணுக்கு வெளிச்சம்கூடத் தெரியலீங்க" என்றார் டாக்டர். டீச்சர் நாற்காலியில் உட்கார்ந்துவிட்டார். "டாக்டரையும் கைல போட்டுக்கினாங்க" என்று மாமா என் காதில் சொன்னார். எனக்கும் அப்படித்தான் தோன்றியது.

முழுப் பார்வையற்றவர்களின் போட்டியில் அக்காவை இறக்கினார்கள். அங்கே அருவியும் இல்லை, எந்தப் பக்கம் என்று சொல்லும் சத்தமும் இல்லை. தண்ணீரில் தடம் பிரிக்கக் கட்டியிருந்த கயிற்றில் இடித்து இடித்து, தோளெல்லாம் சிராய்ப்போடு மூன்றாவதாக வந்தாள். பிறகு பல வருடங்கள் பம்பாய், டில்லி என்று போய் முதலாவதாகவும் வந்தாள். அந்தப் பதக்கங்களை வைத்துத்தான் அவளுக்கு டெலிபோன் ஆபரேட்டர் வேலை கிடைத்தது.

அந்த முதல் போட்டி முடிந்து ஊர் திரும்பும் பஸ்சில் அவளிடம் கேட்டேன். "ஏங்க்கா தெரியுதுன்னு பொய் சொன்ன?"

"தெரியலன்னு சொல்லியிருந்தா மடுவுல எறங்க வுட்டிருப்பாங்களாடி?"

நான் நம்பவில்லை. அவள் முகத்துக்கு நேரே கையை ஆட்டிப் பார்த்தேன். "ஆட்டாத, காத்து வருது" என்றாள். சந்தேகம் அதிகமானது.

வீட்டுக்கு வந்ததும் மாமா எல்லாவற்றையும் அம்மாவிடம் சொன்னார். அம்மா பதக்கத்தை வாங்கிக்கூடப் பார்க்காமல் அடுப்படிக்குள் போனாள். மறுநாள் காலை, தண்ணீர்க் குடத்தை வாசற்படி ஓரம் வைத்துவிட்டு விளையாடப் போன என்னைத் துரத்தி வந்து முதுகில் ஓர் அடி வைத்தாள். "எடுத்த எடத்துல வைடி!"

அன்றிலிருந்து எங்கள் வீட்டில் முறமும் உலக்கையும் விறகும் ஓர் அங்குலம் நகரக் கூடாது. அக்கா போட்டிக்குப் போய் மாதக்கணக்கில் ஊரில் இல்லாதபோதும் அப்படியே இருக்க வேண்டும். பதக்கம் வந்த வீடு என்று அம்மாவுக்குக் கர்வம் தலைக்கேறிவிட்டதாக நான் ரொம்ப நாள் நினைத்துக்கொண்டிருந்தேன்.