படிக்கட்டுக்கு அடியில் மஞ்சள்

யுத்த காலத்தில் சத்தியவேட்டுப் பக்கம் எங்கள் நிலங்களை எடுத்துக்கொண்டு வெள்ளைக்காரர்கள் விமானம் இறங்க ஓடுபாதை போட்டார்கள். அதன் ஓரத்தில், வரும் விமானங்களுக்குச் சைகை காட்ட உயரமாக ஒரு கோபுரம், உச்சியில் கண்ணாடி அறை. யுத்தம் முடிந்து அவர்கள் போன பிறகு, உள்ளே வெள்ளைக்காரன் பேய் இருக்கிறது என்று யாரோ கிளப்பிவிட, ஊரில் ஒருவரும் அங்கே கால் வைக்கவில்லை. அப்படித்தான் நான் நினைத்திருந்தேன்.

ஊர் மதராசோடு இருக்குமா ஆந்திராவுக்குப் போகுமா என்று இழுபறியாக இருந்த நேரத்தில், நிலத்தைத் திருப்பித் தர சர்வேயர் வந்தார். அவரவர் எல்லைக்கல்லை அவரவரே காட்ட வேண்டும். எங்கள் நிலத்துக்கும் சித்தப்பா நிலத்துக்கும் நடுவில் ஒரு கிணறு இருந்தது. சித்தப்பா என்றால் என் அப்பாவுக்கு, அதாவது நைனாவுக்கு, பெரியப்பா மகன். கல் எங்கே நிற்கிறதோ அதைப் பொறுத்துத்தான் கிணறு யாருக்கு என்பது.

நைனா கொஞ்சமும் தயங்கவில்லை. யுத்தம் முடியும்வரை அவர் மதராசில் வேலையில் இருந்தார். திரும்பி வந்தபோது, அடையாளமே மாறிக் கிடந்த நிலத்தில் புதருக்குள் சுண்ணாம்பு பூசிய ஒரு கல்லைப் பார்த்து, இதுதான் நம் கல், நம் வம்சம் செதுக்கிய சூலம் சுண்ணாம்புக்கு அடியில் இருக்கிறது என்று முடிவு கட்டிவிட்டார். சாமிக் கல்லைச் சுரண்டிப் பார்க்க யாருக்கு மனசு வரும்? ஒவ்வொரு பொங்கலுக்கும் மஞ்சள் பூசிப் படையல் போட்டுக் கும்பிட்டார். சர்வேயர் முன்னால் அந்தக் கல்லின் மேல் கற்பூரம் ஏற்றி அணைத்துச் சத்தியம் செய்தார். சித்தப்பா தன் பங்குக்குக் கல் எதையும் காட்டாமல் துண்டை உதறிக்கொண்டு போய்விட்டார். கிணறு எங்களுக்கு வந்தது. மறுநாள் குடத்தோடு வந்த சித்தியை, "இது எங்க கெணறு" என்று திருப்பி அனுப்பியது நான்தான். எனக்கு அப்போது வாய் கொஞ்சம் நீளம்.

ஒரு மாதம் கழித்து, வேர்க்கடலை மூட்டைகளை அடுக்க இடம் வேண்டும் என்று நைனா கோபுரத்தைப் பார்க்கக் கிளம்பினார். நானும் போனேன். கதவு தள்ளியதும் திறந்துகொண்டது. உள்ளே வௌவால் நாற்றம். இரும்புப் படிகள் ஒவ்வொன்றும் கிறீச்சிட, பேய்க்குப் பயந்து நைனாவின் சட்டையைப் பிடித்துக்கொண்டே ஏறினேன். மேலே கண்ணாடி எல்லாம் உடைந்து கிடந்தது. சுவரில் காற்றுத் திசை காட்டும் முள் மட்டும் மிச்சம்.

வெளியே பார்த்தவர் அப்படியே நின்றுவிட்டார். ஓடுபாதையின் இரண்டு ஓரமும் புதர்களுக்கு நடுவே வெள்ளைக் கற்கள், சம இடைவெளியில், வரிசையாக. விமானத்துக்கு ஓரம் காட்ட நட்டவை. அந்த வரிசையில் ஒன்று மட்டும் மஞ்சளாக இருந்தது.

"இத்தினி வருஷமா நான் எதக் கும்பிட்டுக்கினு இருந்தேன்?" என்றார் நைனா.

தட்டுத்தடுமாறி இறங்கினோம். கடைசிப் படிக்கு அடியில் எதுவோ என் கண்ணில் பட்டது. பிடுங்கச் சோம்பல்பட்டு ஒரு கல்லை அப்படியே விட்டு, அதைச் சுற்றிலும் கோபுரத்தைக் கட்டியிருந்தார்கள். அதில் சூலம் இருந்தது. சூலத்தின் மேல் மஞ்சள் இருந்தது. பக்கத்தில் வாடிய சாமந்திப்பூ, சுருங்கியிருந்தாலும் நிறம் போகவில்லை. அந்தக் கல்லைக் கும்பிட எங்கள் வம்சத்தில் இரண்டே வீடுகள்தான். பூ வைத்தது சித்தப்பா வீடுதான், எல்லை இந்தக் கல் என்றால் கிணறும் அவர் பக்கம்தான் என்பது எனக்கே விளங்கியது.

நைனா நேராகச் சித்தப்பா வீட்டுக்கு நடந்தார். வாசலில் கயிறு திரித்துக்கொண்டிருந்த சித்தப்பா எழுந்து நின்றார்.

"உனக்குத் தெரியும் இல்ல? அன்னிக்கு ஏன் சொல்லல?"

"நீதான் கற்பூரத்த அணைச்சிட்டியே அண்ணா. அதுக்கு மேல நான் பொய்யின்னு சொன்னா, உன் பொண்ணு தலையில இல்ல வந்து விழும்?"

நைனா தலையைக் குனிந்துகொண்டார். "நாளைக்குக் கர்ணத்த இட்டுனு வரேன். மறுபடி அளக்கட்டும்" என்றார்.

அவருக்கு நான் ஒரே பெண். நிமிர்ந்து பார்க்க முடியாமல் நின்றேன். சித்தி உள்ளேயிருந்து ஒரு சொம்பு தண்ணீர் கொண்டுவந்து என் கையில் கொடுத்தாள். ஏரியிலிருந்து சுமந்து வந்த தண்ணீர். கலங்கலாக இருந்தது. ஒரு சொட்டு மிச்சம் வைக்காமல் குடித்தேன்.